கோவிந்தராசுவின் பெயரில் பதினோரு மாற்றங்கள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். என் மனைவி அமுதவல்லியைக் கேட்டால் 'சீக்கிரம்' என்பதே குறைவு என்பாள். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோபத்தோடு குடித்தனம் நடத்துகிறவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

என் பெயர் தெய்வசிகாமணி. சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில், அட்டையை வெட்டும் மெஷினில் பதினாறு வருடம் நின்றேன். ஒருநாள் அந்த மெஷின் என் வலது கையின் கட்டைவிரலையும் பக்கத்திலிருந்த இரண்டு விரல்களையும் எடுத்துக்கொண்டது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மிச்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. ஆனால் அவை மடங்குவது அவற்றின் இஷ்டம்.

ஆறு மாதம் கழித்து கம்பெனி என்னை டவுனுக்கு, காமராஜர் சாலையில் இருக்கும் ஆபீசுக்கு மாற்றியது. எந்த லாரியில் எந்தப் பெட்டி எத்தனை போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி, சலான் அடித்து டிரைவர் கையில் கொடுக்கும் வேலை. கை போனவனுக்குக் கையால் தட்டுகிற வேலையா என்று அன்றைக்கே கோபம் வந்தது. ஆனால் மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அந்த மேசையில் அப்போது கோவிந்தராசு அண்ணன் இருந்தார். அந்த மாதக் கடைசியில் ரிட்டையர் ஆகப் போகிறவர். எனக்கென்று தனி லாகின் வேண்டும் என்று மேனேஜர் விஜயராகவனுக்கு விண்ணப்பம் போட்டோம். கம்ப்யூட்டரிலேயே போகிற விண்ணப்பம். அவர் ஒரு பட்டனை அழுத்தினால் முடிந்தது. மாதம் முடிந்தது, அண்ணனுக்கு மாலை போட்டார்கள், எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள், என் லாகின் மட்டும் வரவில்லை. மாலையைக் கழற்றி ஸ்கூட்டர் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்.

"ஒன்னுது வர்ற வரைக்கும் என்னுதுலயே பூந்து வேல பாருப்பா. பாஸ்வேர்டு இந்த வண்டி நம்பருதான். பாத்துக்க."

ஆறு வருடம் ஆகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும். வண்டி நம்பருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு என்று போட்டுக்கொண்டே வந்து இருபத்து நான்கில் நிற்கிறேன். நான் அடிக்கும் சலான் எல்லாவற்றிலும் அடியில் 'தயாரித்தவர்: கோவிந்தராசு' என்று வரும். ரிட்டையர் ஆகி வீட்டில் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் தினம் எண்பது சலான் அடித்துக்கொண்டிருந்தார். டிரைவர்கள் தாளைப் பார்த்துத்தானே பெயர் தெரிந்துகொள்வார்கள்? அவர்களுக்கெல்லாம் நான் கோவிந்தராசு அண்ணன். முதல் வருடம் திருத்திப் பார்த்தேன். பிறகு தொண்டைத் தண்ணீரை மிச்சப்படுத்தினேன். கன்னியப்பன் என்கிற டிரைவர் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் 'திரு. கோவிந்தராசு குடும்பத்தினர்' என்று எழுதியே கொடுத்தார். அமுதவல்லி அதை வாசித்துவிட்டு, அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று என்னிடம் விசாரித்தாள்.

அந்த லாகினுக்குள் நான் செய்துவைத்த மாற்றங்கள் பதினொன்று. ஒவ்வொன்றும் ஒரு கோபத்தில் பிறந்தது. மவுசை வலது கையால் பிடிக்க முடியாது என்பது முதல் நாளே தெரிந்துபோனது. அதை இடது பக்கம் வைத்து, பட்டன்களை இடம் மாற்றினேன். மடங்காத சுண்டு விரல் ஏதாவது விசைமேல் விழுந்து கிடந்தால் ஒரே எழுத்து நாற்பது தடவை ஓடும். அது ஓடாமல் செய்தேன். அம்புக்குறியைத் தேடித் தேடிக் கண் நொந்துபோய், அதைப் பெரிதாக்கிச் சிவப்பாக்கினேன். கீழே இருந்த பட்டையை இடது ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். சலான் அடிக்க ஒரே விசை என்று வைத்தேன்.

ஒன்றை மட்டும் நான் தேடவில்லை, அதுவாக வந்தது. ஷிஃப்டையும் ஒரு எழுத்தையும் சேர்த்து அழுத்த என்னால் முடியாது. ஒருநாள் எரிச்சலில் ஷிஃப்டைப் போட்டு ஐந்து தடவை குத்தினேன். திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்து, இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தாமல் ஒன்றன் பின் ஒன்றாக அழுத்த விருப்பமா என்று கேட்டது. வாழ்க்கையில் நான் கோபத்தில் குத்திய, உதைத்த, வீசிய எந்தப் பொருளும் அதுவரை என்னிடம் திரும்பி, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

திரையில் தெரியும் படம் மட்டும் என் வேலை இல்லை. அது கோவிந்தராசு அண்ணன் வைத்தது, பிள்ளைச்சாவடி கடற்கரையை அவரே போனில் எடுத்தது. எடுக்கும்போது லென்சில் விரல் பட்டிருக்கிறது. மேல் மூலையில் அவருடைய கட்டைவிரல் மங்கலாக, ஆரஞ்சு நிறத்தில் நிற்கும். எனக்கில்லாத விரலைத் தினமும் எட்டு மணி நேரம் கண்ணுக்கு முன்னால் வைத்திருக்கிறாரே என்று ஆரம்பத்தில் அவர்மேல்கூடக் கோபப்பட்டேன். பிறகு பழகிவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னால், வெளியிலிருந்து யாரோ ஒருவரைக் கூப்பிட்டு, ஆபீசில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே மாதிரி ஆக்கச் சொன்னார்கள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆக்கிவிட்டுப் போய்விட்டார். திங்கட்கிழமை நான் வந்து பார்த்தால், கடற்கரையும் கட்டைவிரலும் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் போயிருந்தது. எதை எங்கே போய் மாற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. திரும்பக் கட்டி எழுப்ப ஒன்பது நாள் ஆனது. லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன, டிரைவர்கள் ஹாரனிலேயே என்னைத் திட்டினார்கள். விஜயராகவன் கூப்பிட்டு, முடியவில்லை என்றால் சொல்லிவிடு, வேறு ஏற்பாடு செய்யலாம் என்றார். வேறு ஏற்பாடு என்றால் கணக்கைச் செட்டில் செய்து வீட்டுக்கு அனுப்புவது. அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அதனால்தான் போன மாதம் துர்கா வந்து நின்றபோது, ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரில் எண்ணினேன்.

துர்காவுக்கு முப்பது வயது இருக்கும். முத்தியால்பேட்டைப் பெண். டவுன் ஆபீசும் சேதராப்பட்டும் சேர்த்து எண்பது கம்ப்யூட்டருக்கும் புது டெஸ்க்டாப், அதாவது திறந்ததும் தெரியும் திரையமைப்பு, வைப்பதற்காகக் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை ஆசாமி என்று முடிவு கட்டினேன். அவள் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். 'உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களாக மாற்றி வைத்திருப்பது என்ன? ஏன்?' என்று கேட்டு, கீழே பன்னிரண்டு கோடு போட்டிருந்தது.

நான் அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். எழுதிக் கொடுத்தால், யாருடைய லாகின் என்று பார்ப்பார்கள். அடுத்தவர் பெயரில் கம்ப்யூட்டருக்குள் நுழைகிறவர்கள் வேலையை விட்டு நீக்கப்படுவார்கள் என்று நோட்டீஸ் போர்டில் சர்க்குலர் ஒட்டியிருக்கிறது, விஜயராகவன் கையெழுத்தோடு. எழுதாவிட்டால், திங்கட்கிழமை எல்லாம் துடைத்துப் போயிருக்கும். ஒன்பது நாள் இன்னொரு முறை கொடுக்க மாட்டார்கள். எப்படிப் போட்டாலும் வேலை போகும்.

வீட்டில் சொன்னேன். உள்ளதை அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடேன் என்றாள் அமுதவல்லி. உனக்கு ஆபீசைப் பற்றி என்ன தெரியும் என்று கத்தினேன். அவள் அசரவில்லை. உங்களுக்கு மட்டும் மனுஷங்களைப் பற்றி ரொம்பத் தெரியுமோ என்று கேட்டுவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டாள். மறுநாள் தாளை வெறுமனே திருப்பிக் கொடுத்தேன். பதினொன்றையும் ஒரு நோட்டில் இடது கையால் எழுதி வைத்துக்கொண்டேன். எழுத்து எனக்கே புரியவில்லை.

வியாழக்கிழமை மதியம் துர்கா என் மேசைக்கு வந்து, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு பிரிண்ட் எடுத்த தாள். நான் வழக்கம்போல வலது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். புது ஆட்களிடம் நான் அதைக் காட்டுவதில்லை.

"அண்ணே, கோவிந்தராசு சாருக்கு வலது கையில இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

அவள் மெதுவாகச் சொன்னாள். தாளில் ஆட்கள் எழுதிக் கொடுப்பதை மட்டும் அவள் நம்புவதில்லையாம். முக்கால்வாசிப் பேருக்குத் தாங்கள் மாற்றியதே நினைவிருக்காது. அதனால் எந்த லாகினில் எதெல்லாம் மாற்றப்பட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டரிடமே பட்டியல் வாங்கியிருக்கிறாள். எல்லோருக்கும் ஒன்றுதான் இருந்தது, படம். முருகன், குழந்தை, சினிமாக்காரர். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் படம் போகப் பதினொன்று.

"மவுசு இடது கைல. ஷிஃப்ட தனியா அமுக்குறாரு. வெரலு எதுமேலயாவது விழுந்தா சட்டுனு எடுக்க முடியல, அதையும் நிறுத்தி வச்சிருக்காரு. பட்டியலப் பாத்தாலே ஆளு தெரியிறாருண்ணே. ஆனா அவரு ரிட்டையர் ஆயி ஆறு வருஷம்னு இருக்குது. தெனம் காலைல எட்டு அம்பதுக்கு வேலைக்கு வந்துடுறாரு."

பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும், வேறு ஒன்றும் வராது. வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். இதுதான் ஆனது, போய் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள், உன் ஞாயிற்றுக்கிழமை வேலையைச் செய்துகொள் என்று ஆபீசே திரும்பிப் பார்க்கும்படி பேசினேன். அவள் கையைப் பார்த்தாள். உச்சுக் கொட்டவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. கோபம் தீரும் வரை இருந்தாள்.

"நான் சொல்ல வரலண்ணே, கேக்க வந்தேன். கம்பெனி வைக்கிறது அடியில இருக்கும். நீங்க வைக்கிறது அதுக்கு மேல இருக்கும். நான் அடியில இருக்கறத மட்டுந்தான் மாத்துறேன். ஒண்ணுமே சொல்லாதவங்களுக்கு நாம ஒண்ணு வைக்கிறோம், அவ்ளோதான். நீங்க ஒண்ணுஞ் சொல்லாம இல்லியே, பதினோரு தடவ சொல்லியிருக்கீங்க."

அந்த மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்து யாரிடமும் எதுவும் கேட்டதில்லை என்று வீறாப்பாக இருந்தவன் நான். பதினோரு தடவை கேட்டிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒருத்திக்கு அது கேட்டிருக்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ரிட்டையர் ஆனவர்களின் லாகினை எல்லாம் ஞாயிற்றுக்கிழமை நீக்கிவிட வேண்டும் என்பது விஜயராகவன் உத்தரவு. கோவிந்தராசு போனால் பதினொன்றும் கூடவே போகும். அதற்குள் என் பெயரில் ஒரு லாகின் திறந்து, எல்லாவற்றையும் அதற்குக் கொண்டுபோக வேண்டும். திறக்க மேனேஜர் சம்மதிக்க வேண்டும். யாருடையது என்று பார்க்காமல் அழிக்க மனசு வரவில்லை, அதனால்தான் வந்தேன் என்றாள். அழித்திருந்தால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். உத்தரவுப்படிதான் செய்தாள் என்றிருப்பார்கள். எத்தனை பேர் அப்படிச் செய்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன்.

என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். சர்க்குலர் மனப்பாடமாக ஓடிக்கொண்டிருந்தது எனக்கு. அவள் ஒன்றும் விளக்கவில்லை. தன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியில் என் விண்ணப்பம் அப்படியே இருந்தது, 'மேலாளர் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று. விஜயராகவன் அதைப் படித்தார். பிறகு, இதுவரை இவன் எந்த லாகினில் வேலை செய்கிறான் என்று அவளிடம் கேட்டார். அவர் மேசைமேல் அன்று காலை அவரே கையெழுத்துப் போட்ட சலான் நகல் கட்டு இருந்தது. நான் அதைக் கையால் காட்டினேன். ஒன்றை உருவி, தன் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியை, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, வாசித்தார். அடுத்ததையும் வாசித்தார். அடுத்ததையும்.

"அந்தாளுக்கு நாந்தானய்யா மாலை போட்டேன்" என்றார்.

சிரிப்பை அடக்க நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன். துர்கா தரையைப் பார்த்தாள். சர்க்குலர் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. இரண்டு பேர் ஆறு வருடம் செய்த தப்பில் யாரை நீக்குவது? எல்லா டெஸ்க்டாப்பும் ஒரே மாதிரி இருந்தால்தானே நன்றாக இருக்கும் என்று ஒப்புக்கு ஒரு கேள்வி கேட்டார். மாற்றாதவர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி வந்துவிடும் சார், மாற்றியவர்கள் காரணத்தோடு மாற்றியிருப்பார்கள் என்றாள் துர்கா. அவர் என் கையை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்தப் பட்டனை அழுத்தினார். அதற்கு இரண்டு வினாடிகூட ஆகவில்லை. நியாயப்படி எனக்கு அப்போது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்பதே மனசில் நின்றது, அதில் எனக்குப் பழக்கம் இல்லை.

வெளியே வந்ததும் துர்கா ஒன்று கேட்டாள். பதினொன்றும் உங்களுடையது, படம் மட்டும் அவர் வைத்தது, அதை என்ன செய்ய, புதுப் படம் வரட்டுமா? பதில் சொல்லாமல் மேசைக்குப் போய்விட்டேன். அவளிடம் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைகளில் புது நீலத் திரையும் கம்பெனி சின்னமுமாக இருந்தது. என் பெயரைத் தட்டினேன். தெய்வசிகாமணி. ஆங்கிலத்தில் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. புது பாஸ்வேர்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது இடது ஓரத்தில் பட்டை இருந்தது. சிவப்பு அம்புக்குறி, பெரிதாக, நான் இடது கையை அசைத்ததும் அசைந்தது. ஷிஃப்டைத் தனியாக அழுத்தி, எழுத்தைத் தனியாக அழுத்தினேன். பெரிய எழுத்து வந்தது. பின்னால் பிள்ளைச்சாவடிக் கடல், மூலையில் ஆரஞ்சு நிறத்தில் கட்டைவிரல். நான் அழுதேன். மெஷின் கையை எடுத்த அன்று அழாதவன், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

முதல் லாரி கன்னியப்பனுடையது. சலானை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர் பாதியிலேயே திரும்பி வந்தார்.

"கோவிந்தராசுண்ணே, கீழ வேற யாரு பேரோ வந்துருக்குது. மாத்தி அடிச்சுக் குடு."

"மாத்தியாச்சுப்பா. அதான் என் பேரு."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்ப பத்திரிகை யார் வீட்டுக்குக் கொடுத்தேன் என்று கேட்டார். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டது நான்தான் என்று சமாதானப்படுத்தி அனுப்பினேன்.

மதியம் கோவிந்தராசு அண்ணனுக்குப் போன் போட்டு, நேற்றோடுதான் நீங்கள் ரிட்டையர் ஆனீர்கள் என்றேன். விவரம் கேட்டு வெகுநேரம் சிரித்தார். ஆறு வருடத்துக்கு முன்னால் தாராளமாக ஒரு பாஸ்வேர்டு கொடுத்ததையே அவர் மறந்துவிட்டிருந்தார். நான் மறக்கவில்லை என்றேன். அது எனக்கு லேசாக வந்தது, போனில்தானே.

துர்கா அன்றோடு வேலை முடிந்து கிளம்புவதாகச் சொன்னார்கள். நேரில் நின்று நன்றி சொல்ல எனக்கு வாய் வராது என்று தெரியும். அவளிடம் போய், அன்றைக்குக் கொடுத்த தாளில் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டேன். இனி எதற்கு அண்ணே, எல்லாம் பட்டியலில் வாங்கியாகிவிட்டதே என்றாள். இருந்தாலும் கொடுத்தாள்.

மேசையில் உட்கார்ந்து, இடது கையால், ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினேன். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், பதினொன்றும். ஒன்றுக்கும் கோபம் என்று காரணம் எழுதவில்லை. கை என்று எழுதினேன். பன்னிரண்டாவது கோடு மிச்சம் இருந்தது. அதில், 'படம்: கோவிந்தராசு அண்ணன் வைத்தது. மூலையில் இருக்கும் கட்டைவிரலை எடுக்க வேண்டாம்' என்று எழுதி, கீழே என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டு, அவளிடம் கொடுத்தேன்.

அவள் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு அதை மடிக்காமல் லேப்டாப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.